புதுக் கார், உப்புக்காற்று, ஒரு துவர்த்து: குமரி மாவட்டத்து வேகக் கார்க்காரர்கள் பெயிண்ட் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குக் கார் கழுவும் கடை கிடையாது. நாகர்கோவிலில் வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாளியோடு வீட்டு முற்றத்தில் நிற்பவன், அவ்வளவுதான். முதன்முதலில் வாங்கிய கறுப்புக் காரை ஆறு மாதம் தினமும் காலையில் துவர்த்தால் (எங்கள் ஊரில் துண்டுக்குப் பெயர்) துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்கு அடியில் நிறுத்தினேன். பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள். பொறாமையில் யாரோ கீறிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அத்தனையும் என் கைவேலை.

அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்லத் தொடங்கியபின், புதிதாக வேகக் கார் எடுக்கிற நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

1. புது வண்டிக்கு ஒரு மாசம் தண்ணியே படக்கூடாதாமே? பெயிண்ட் காயணும்னு சொல்றாங்க.

தொழிற்சாலையில் அடிக்கிற பெயிண்டைச் சூட்டடுப்பில் சுமார் 140 டிகிரி வெப்பத்தில் வேகவைத்துத்தான் வெளியே விடுகிறார்கள். வண்டி உங்கள் கைக்கு வரும்போது அது நன்றாக இறுகியிருக்கும். அன்றைக்கே கழுவலாம், அன்றைக்கே வேக்ஸும் போடலாம்.

இந்த ஒரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், இடிபட்ட வண்டிக்குப் பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள் இல்லையா, அதிலிருந்து. அங்கே ஏறக்குறைய 60 டிகிரி சூடுதான் கொடுக்க முடியும். சில இடங்களில் காற்றாடவே காயவிடுவார்கள். அந்தப் பெயிண்டிலிருந்து ஆவி முழுதும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வேக்ஸ், கோட்டிங் எதுவும் போட்டு மூடக்கூடாது. அதைப் புது வண்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

2. டெலிவரி குடுக்கும்போது ஷோரூம்லயே கழுவி பாலிஷ் போட்டுத்தானே தர்றாங்க. அப்புறம் நாம என்ன செய்யணும்?

"கழுவாமல் கொடுங்கள்" என்று புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில் பத்து வண்டி கழுவுகிற பையன் எல்லாவற்றுக்கும் ஒரே துணியைத்தான் வைத்திருப்பான். டயர் துடைத்த துணி பானெட்டுக்கும் வரும். என் இரண்டாவது கார் ஓடோமீட்டரில் 40 கிலோமீட்டர் காட்டும்போதே சுழல் கீறலோடு என் கைக்கு வந்தது இப்படித்தான்.

டெலிவரிக்கு முன் வண்டியைப் பார்க்கப் போகும்போது நல்ல டார்ச் ஒன்று கொண்டு போங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாத கீறல், நிழலில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கூரை, பானெட், கதவுக் கைப்பிடிக்கு உள்பக்கக் கிண்ணம், டிக்கி விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். லாரியில் வரும்போது ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் படலத்தின் பசைக்கோடு இருந்தால் அதையும் காட்டி அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

3. துணியில துடைச்சா கீறல் விழுமா? பெயிண்ட் அவ்வளவு மெல்லிசா இருக்கு?

மெல்லிசுதான். தகட்டின் மேல் துருத்தடுப்பு அடுக்கு, பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நீங்கள் பார்க்கிற பளபளப்பு மேலே இருக்கிற கிளியர் கோட்டினுடையது. அது பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துப் பாருங்கள்.

துணி தனியாகக் கீறுவதில்லை. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற மணல்தான் கீறுகிறது. அதிலும் நம் ஊர் மணல் லேசுப்பட்டதல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கிற மண்ணைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தக் கார்னெட்டை ஒட்டித்தான் மரவேலைக்கு உப்புத்தாள் செய்கிறார்கள். தண்ணீரோடு பீச்சி இரும்பை அறுக்கவும் இதையே பயன்படுத்துகிறார்கள். முட்டத்துக்கோ குளச்சலுக்கோ போய்விட்டு வந்த காரை உலர்ந்த துவர்த்தால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குத் தம்பி. கீழே நான் சொல்லப் போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: கை படுவதற்கு முன் மண் போயிருக்க வேண்டும்.

4. சரி, வீட்ல எப்படித்தான் கழுவணும்? முதல்ல இருந்து சொல்லுங்க.

நேரம்: காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின். பானெட்டில் புறங்கையை வைத்தால் சுடக்கூடாது. சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டி வந்தவுடனேயும் வேண்டாம், இஞ்சின் ஆறட்டும்.

முதலில் சக்கரங்கள். அங்கேதான் அழுக்கு அதிகம். கடைசியில் கழுவினால் கழுவி முடித்த கதவுகளில் தெறிக்கும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி ஆயுளுக்கும் மேலே ஏறக்கூடாது.

அப்புறம் வண்டி முழுக்க வெறும் தண்ணீர், கூரையிலிருந்து கீழே. அவசரப்படாதீர்கள். ஐந்து நிமிடம் தண்ணீர் ஓடினால் பாதி மண் தானே இறங்கிவிடும். பிரஷர் வாஷர் இருந்தால் ஃபோம் அடித்து ஐந்து நிமிடம் ஊறவிடலாம், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். பிரஷர் வாஷரின் மூக்கைக் குறைந்தது ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள். கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடத்திலும் ஸ்டிக்கர் விளிம்பிலும் நேராக அடித்தால் உரிந்து வரும்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து, ஒரு பகுதியை மட்டும் லேசாக, நேர்கோட்டில் கழுவுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிறகு கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புக்குப் போங்கள். மண்ணெல்லாம் அந்த இரண்டாவது வாளியின் அடியில் போய்த் தங்கும். அடியில் போடுகிற ஓட்டைத் தட்டு ஒன்று விற்கிறது. போட்டால் தங்கிய மண் மேலே கலங்கி வராது. வரிசை எப்போதும் கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும். கையுறை தரையில் விழுந்தால் அதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அலசினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது.

துடைப்பதற்கு முன் ஹோஸ் முனையில் உள்ள பீச்சானைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாகக் கூரையில் ஓடவிடுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து முக்கால்வாசி தானே இறங்கிவிடும். மிச்சத்துக்குப் பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் டவல். அதை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், அழுத்த வேண்டாம்.

5. ஷாம்புக்குப் பதிலா பாத்திரம் தேய்க்கிற லிக்விட் போடலாமா? தலைக்குத் தேய்க்கிறது?

ஒருமுறை போட்டதால் பெயிண்ட் உரிந்துவிடாது. ஆனால் பாத்திர லிக்விடின் வேலையே எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. மேலே போட்டிருக்கிற வேக்ஸையும் எண்ணெய் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். ரப்பர் பீடிங்குகளும் வறண்டுபோகும். காருக்கென்று விற்கிற, பி.எச். நடுநிலையான (அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத) ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். துணி துவைக்கிற பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் காரமும் இருக்கிறது, கரையாத துகளும் இருக்கிறது.

6. எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி உப்பு. கழுவி முடிச்சா வெள்ளை வெள்ளையா புள்ளி விழுது. என்ன செய்ய?

கடலோரத்து ஊர்களில் இந்தப் புகார் அதிகம். அந்தப் புள்ளிகள் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, மக்னீசியம். தண்ணீர் ஆவியாகிவிடும், அவை மட்டும் தங்கும். கறுப்பு, கருநீலம், சிவப்பு வண்டிகளில் பளிச்சென்று தெரியும். வெயிலில் பல நாள் கிடந்தால் கிளியர் கோட்டுக்குள் குழி தோண்டிவிடும், அப்புறம் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கழுவுவதை உப்புத் தண்ணீரில் செய்துகொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். நமக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை கிடைக்கிறது. கூரையின் முதல் அழுக்குத் தண்ணீர் போனபிறகு பிடிக்கிற மழைநீரைவிட மென்மையான தண்ணீர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மழையில்லாத மாதத்தில் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பே இருக்காது. நான் இரண்டு கேனில் சேர்த்து வைக்கிறேன். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவு நீரைத் தொடாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அதில் கழுவிய நண்பர் ஒருவரின் வண்டி கோலமாவு தூவியதுபோல ஆனது.

ஏற்கெனவே விழுந்த புதுப் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நிழலில் செய்ய வேண்டும்.

7. கன்னியாகுமரி, சொத்தவிளைன்னு பீச்சுக்குப் போயிட்டு வந்தா உடனே கழுவணுமா?

அன்றைக்கு ராத்திரியோ மறுநாள் காலையோ வெறும் தண்ணீராவது அடித்துவிடுங்கள். நல்ல பெயிண்டை உப்பு ஒன்றும் செய்யாது. கல் பட்டுத் தகடு தெரிகிற இடம், கதவின் அடி விளிம்பு, வீல் ஆர்ச்சின் உள்பக்கம், அடித்தட்டு போல்ட்டுகள், அலாய் வீலின் கீறல், இவைதான் அதற்கு வாசல்.

உப்பு காய்ந்துவிட்டால் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கடலுப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அடுக்களையில் மழைக்காலத்தில் உப்புஜாடி கசிவதைப் பார்த்ததில்லையா? நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் தகட்டின் மேலிருக்கிற உப்புப் படலமும் அப்படித்தான் நசநசத்துக் கிடக்கும். அதனால் ஹோஸை வண்டிக்கு அடியிலும் ஒருமுறை காட்டுங்கள். இன்னொன்று, மணற்பாங்கான இடத்துக்குப் போய்வந்த வண்டியை வீட்டுக்கு வந்ததும் துடைக்கவே கூடாது. ஏன் என்று மூன்றாவது கேள்வியில் சொல்லிவிட்டேன்.

8. மழை பெய்யும்போது வண்டியை வெளியே விட்டா அதுவே கழுவிடாதா?

மேலோட்டமான தூசி போகும், உப்பும் கரையும். ஆனால் மழையில் ஓட்டும்போது முன்னால் போகிற லாரி தெறிக்கிற செம்மண் குழம்பு கதவின் கீழ்ப்பாதியில் அப்பிக்கொள்ளும். நான் மழையைப் பயன்படுத்துவது வேறுவிதம்: பலத்த மழை அரைமணி நேரம் பெய்து ஊறியபின், சாரல் விழும்போதே ஷாம்பு வாளியோடு இறங்கிவிடுவேன். பக்கத்து வீட்டார் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

9. வாட்டர் சர்வீஸுக்கு விடலாமா?

அடித்தட்டு கழுவ விடலாம். லிஃப்ட்டில் தூக்கி அடியில் அடிப்பது வீட்டில் முடியாத வேலை. மேலே கை வைக்க வேண்டாம் என்று சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஃபோம் அடித்ததும் ஒரே ஸ்பாஞ்சால் டயர் முதல் கூரை வரை தேய்க்கிறார்கள், துடைப்பது நாலு வண்டி துடைத்த ஈரத் துணியால். சில இடங்களில் அடியில் டீசலையும் ஆயிலையும் கலந்து பீச்சுவார்கள். அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் என்ன ஆகும் என்று வேகமான வண்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உருளும் பிரஷ் வைத்த தானியங்கி வாஷ் பெருநகரம் போனால் கண்ணில் படும். அதற்குள் நுழையவே வேண்டாம்.

10. காக்கா எச்சம், வாவல் (வௌவால்) எச்சம், சக்கைப் பால் (பலாப் பிசின்)... எதை உடனே எடுக்கணும்? எது காத்திருக்கும்?

எச்சம் காத்திருக்காது. அதன் அமிலம் ஒரு பக்கம், வெயிலில் கிளியர் கோட் இளகுவது இன்னொரு பக்கம். நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே தடம் விழும். வாவல் எச்சத்தில் பழக்கொட்டையும் சேர்ந்து வரும், தேய்த்தால் கீறும். தண்ணீரில் நனைத்த டிஷ்யூவை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அப்படியே மடக்கித் தூக்கிவிடுங்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் கிடக்கட்டும். முதல் மழையன்று ராத்திரி ஓட்டினால் முன்பக்கம் முழுக்க ஈசல் அப்பிக்கொள்ளும். அதற்கும் இதே வைத்தியம், மறுநாளே.

சக்கைப் பாலுக்கு நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்களோ அதையேதான் நானும் செய்கிறேன். சக்கை வெட்டும்போது கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள் அல்லவா? காரில் ஒட்டிய பாலின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தால் இளகி வரும். அப்புறம் அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். தார்ப் புள்ளிக்கு அதற்கான டார் ரிமூவர் இருக்கிறது. அது அடுத்த வாஷ் வரை பொறுக்கும்.

கொல்லாமரத்தடியில் (முந்திரி மரம்) பழக்காலத்தில் நிறுத்தாதீர்கள், சாறு பட்ட கறை துணியிலேயே போகாது. தென்னைக்கு அடியில் நிறுத்துகிறவர்களுக்குப் பெயிண்ட் ஆலோசனை தேவையில்லை, இன்ஷூரன்ஸ் ஆலோசனைதான் தேவை.

11. புது வண்டிக்குப் பூஜை போடணும். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் பெயிண்டைக் கெடுக்குமா? அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்ல முடியாது.

சொல்ல வேண்டியதே இல்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியின் ஓரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் வைத்துவிட்டு அன்று மாலையே ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள். குங்குமத்தின் சாயம் வெள்ளை வண்டியில் மங்கிய ரோஜா நிறத் தடத்தை விட்டுவிடும், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் கீறும். சூடத்தைத் தட்டில் ஏற்றுங்கள், பானெட்டின் மேல் ஏற்றாதீர்கள். தோவாளையில் வாங்கிய மாலையைக் கட்டிக்கொண்டே நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்றில் அந்த நார் பானெட்டை அடித்துக்கொண்டே வரும். கோயில் வாசலில் போட்டோ எடுத்ததும் கழற்றிவிடலாம். வண்டியை மந்திரிக்க ஃபாதர் தெளிக்கிற தீர்த்தத்தால் ஒரு பாதகமும் இல்லை, சொட்டுகளை ஒற்றி எடுத்தால் போதும்.

12. வேக்ஸ், செராமிக், பி.பி.எஃப். மூணுல எது போடணும்?

மூன்றும் மூன்று வேலை. வேக்ஸ் பளபளப்புக்கு, தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதற்கு. நம் வெயிலில் இரண்டு மூன்று மாதம் நின்றால் பெரிது. செராமிக் என்பது ஓரிரு மைக்ரான் கண்ணாடிபோன்ற படலம்; ரசாயனத்தையும் எச்சத்தையும் ஓரளவு தாங்கும், அழுக்கு லேசில் ஒட்டாது, ஒழுங்காகக் கழுவினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கல் தெறிப்பதை அது தடுக்காது. அதைத் தடுப்பது பி.பி.எஃப். மட்டும்தான். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம் அது, அதாவது பெயிண்ட் மொத்தத்தையும்விடத் தடிமன்.

நான் புது வேகக் காருக்குச் சொல்வது: முன்பக்கம் பி.பி.எஃப்., மற்ற இடம் செராமிக். பணம் இடித்தால் முன்பக்கப் படலம் மட்டும் ஒட்டிவிட்டு, மற்ற இடத்துக்கு நீங்களே வேக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கச் செராமிக் போட்டுவிட்டு முன் பம்பரை அம்போ என்று விடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு.

13. 9எச் செராமிக் போட்டா வைரம் மாதிரி, கழுவவே வேண்டாம்னு கடையில சொன்னாங்க...

அந்த 9எச் பென்சில் கணக்கு. பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையில் மிகக் கடினமான 9எச் முனை அதைக் கீறாது என்பதுதான் அர்த்தம். வைரம் 10 என்கிற கனிமக் கணக்கு வேறு. சாவியால் கீறினால் கீறல் விழும், மூன்றாவது கேள்வியில் சொன்ன கார்னெட் மணலாலும் விழும். கழுவுவது சுலபமாகும், கழுவாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மாதிரி உப்பாக இருந்தால் செராமிக்கின் மேல் முத்து முத்தாக நிற்கிற சொட்டுகள் அப்படியே காய்ந்து முத்து முத்தாகவே புள்ளி வைக்கும். ஆகவே செராமிக் போட்டவர்கள் ஆறாவது பதிலை இரண்டு தடவை படியுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கோட்டிங்குக்கு முன் பெயிண்டை என்னென்ன செய்வீர்கள்?" கழுவி, களிமண் போன்ற கிளே தேய்த்து, கீறலைப் பாலிஷ் செய்து, எண்ணெய்ப்பசை துடைத்து, அதன்பின் கோட்டிங் என்று ஒருநாளைக்கு மேல் கணக்குச் சொன்னால் உட்காரலாம். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் உள்ளே இருக்கிற கீறலுக்குக் கண்ணாடி போட்டு மாட்டித் தருகிறார் என்று பொருள். போட்டபின் ஒரு நாள் தண்ணீர் படாமலும், ஒரு வாரம் ஷாம்பு படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தென்மேற்கு மழை கொட்டுகிற வாரத்தில் கோட்டிங் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

14. பி.பி.எஃப். முழு வண்டிக்கும் ஒட்டணுமா? எந்த இடம் முக்கியம்?

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். வேகக் காருக்கு மூக்கு தாழ்வு, டயர் அகலம். முன்னால் போகிறவன் எறிகிற கல் பம்பரிலும் பானெட்டின் முன்விளிம்பிலும் கண்ணாடிக் காதுகளிலும் படும். நம் டயரே எறிகிற கல் கதவுக்குக் கீழே உள்ள பலகையிலும் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவிலும் படும். இந்தப் பின்வளைவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முன் பம்பர், பானெட், ஃபெண்டர், கண்ணாடி, கீழ்ப்பலகை, பின்வளைவு: இவ்வளவும் போதும். கூரைக்கு யார் கல் எறியப் போகிறார்கள்?

கைப்பிடிக் கிண்ணம், பளபளக்கிற கறுப்புத் தூண்கள், ஸ்பாய்லர் ஆகியவற்றுக்குச் சிறு துண்டுகள் ஒட்டினால் நல்லது. அந்தப் பியானோ கறுப்பு பார்த்தாலே கீறும். ஒட்டும்போது வண்டியின் மேல் வைத்து பிளேடால் அறுக்கிறார்களா, கம்ப்யூட்டரில் வெட்டி வந்த துண்டை ஒட்டுகிறார்களா என்று கேளுங்கள். கை தவறினால் பிளேடு பெயிண்டில்தான் இறங்கும். மலிவுப் படலம் பி.வி.சி.யாக இருக்கும், நம் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

15. வீல்ல கறுப்பா ஒரு பொடி படியுதே, தேச்சாலும் போகல. பிரேக்ல பிரச்சினையா?

பிரச்சினை இல்லை. வேகக் காரின் பிரேக் பேட் கடித்துப் பிடிக்கிற வகை. டிஸ்க்கும் பேடும் தேய்ந்து வருகிற சூடான இரும்புத்தூள் வீலின் பூச்சில் பதிந்துவிடுகிறது. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகி வழியும். அழுகின முட்டை வாடை அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். காயவிடாமல் கழுவிவிட வேண்டும். பின்பக்கக் கதவிலும் பம்பரிலும் இதே தூள் படியும், அங்கேயும் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. வேகமாக ஓட்டிவிட்டு வந்து, பிரேக் கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணீரை அடிக்காதீர்கள். டிஸ்க் கோணிக்கொள்ளலாம். அரைமணி நேரம் ஆறட்டும். கழுவியபின் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு தெரிந்தால் பதற வேண்டாம்; தெருமுனை வரை இரண்டு பிரேக் போட்டால் போய்விடும்.

16. என்னோடது மேட் பெயிண்ட். அதுக்கும் இதேதானா?

கழுவுவது இதேதான். ஆனால் பாலிஷ், சாதாரண வேக்ஸ், கிளே மூன்றும் கூடாது. மேட்டைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துப் போகும், திரும்ப மங்கலாக்க வழியே இல்லை. கீறல் விழுந்தால் அந்தப் பேனல் முழுதும் மறுபடி பெயிண்ட்தான். அதனால் பி.பி.எஃப். யாருக்கு அவசியம் என்று கேட்டால் முதலில் மேட்காரர்களைத்தான் சொல்வேன். மேட்டுக்கென்றே தனிப் படலம் வருகிறது.

17. கார் ஷெட் இல்லை. கவர் போட்டு மூடி வைக்கிறேன், சரிதானே?

எங்கே வீடு என்பதைப் பொறுத்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் வேண்டாம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று உங்கள் கவரையும் விட்டுவைக்காது. கவர் படபடத்து அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே புகுந்த தூசி நாள் முழுக்கப் பெயிண்டைத் தேய்க்கும். காற்றடக்கமான இடமாக இருந்தால், வண்டி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும்போது மட்டும், காற்றுப் புகும் கவர் போடலாம். ஈர வண்டியை மூடினால் உள்ளே புழுங்கிப் பெயிண்டில் வெண்மை படரும். ஒரு ஷீட் கூரை போட முடிந்தால் கவரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

18. ஏற்கெனவே சிலந்திவலை வந்தாச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போகுதே?

போகவில்லை, ஒளிந்துகொள்கிறது. எண்ணெய் எதுவும் கீறலின் பள்ளத்தை நிரப்பும், இரண்டு நாள் பளபளக்கும், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். உண்மையில் போக வேண்டுமானால் மெஷின் பாலிஷ்தான். அது கீறலின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குகிற வேலை. ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு மைக்ரானாவது போகும், முரட்டுக் கை என்றால் இன்னும் அதிகம். இருப்பதே 35, 40 என்கிறபோது இது சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கிற பணம். வருஷா வருஷம் "ரப்பிங் பாலிஷ்" போடுகிற வண்டிகள் ஐந்தாறு வருடத்தில் கூரை வெளுத்து உரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை, பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறவரிடம் செய்துவிட்டு, அதற்குப்பின் நான்காவது பதிலில் சொன்னபடி கழுவுங்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற கீறல் பாலிஷில் போகாது, விட்டுவிடுங்கள்.

19. எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்?

கடலோரம் என்றால் வாரம் ஒன்று. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலில் ஓடுகிற வண்டிக்குப் பத்துப் பதினைந்து நாள். நடுவில் எச்சம் விழுந்தால் அதை மட்டும் எடுங்கள்.

20. எல்லாம் சரி அண்ணே. நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி எங்க அப்பா துவர்த்தை எடுத்துத் துடைச்சு முடிச்சிடறாரே, அதுக்கு என்ன வழி?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. எங்கள் வீட்டிலும் இருந்தது. "முப்பது வருஷம் அம்பாசிடரைத் துடைச்சவன்டே நான்" என்பார். பெயிண்ட் மைக்ரான் கணக்கெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. சண்டை போட்டும் பார்த்தேன், அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் எழுந்தார்.

கடைசியில் அவருக்கென்று ஒரு வேலை பிரித்துக் கொடுத்தேன். காலையில் கண்ணாடிகளும் உள்பக்கமும் அவருடையவை. அதற்குத் தனி நிறத்தில் மைக்ரோஃபைபர் துணி, தனி ஸ்பிரே பாட்டில். வெளிப்பக்கம் தூசியாக இருந்தால் ஹோஸ் பிடித்து வெறும் தண்ணீர் விடலாம், துணி மட்டும் படக்கூடாது. மைக்ரோஃபைபரை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவரே தனியாக அலசி, தனிக் கொடியில் காயப் போடுகிறார். பழைய துவர்த்து சைக்கிளுக்குப் போய்விட்டது.